ஒன்றாம் எண் படம்

வீரமுத்து அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்தால் அது பெரும்பாலும் பிணத்தைப் பற்றித்தான் இருக்கும்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு பேனர் கடையில் நான் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு எல்லாம் செய்வேன் என்றாலும் கடைக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலிதான். இறந்தவர் முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் ஒரு மலை, ஒரு அருவி, கொஞ்சம் மேகம் வைத்து, மூலையில் ஒரு குத்துவிளக்கை எரியவிட்டால் வேலை முடிந்தது. வாழ்நாள் முழுக்க உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தைத் தாண்டாதவர்களைக்கூட நான் மலை உச்சியில் உட்கார வைத்திருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த மலையும் அருவியும் மேகமும் வீரமுத்து அண்ணன் எடுத்தவை. சண்டை அதனால்தான்.

"என் மலை மேல ஏம்மா பொணத்த ஒட்டிக்கினு கீற?"

"உங்க மலைய வேற யாருண்ணா கேட்டாங்க? யாராவது கேட்டா சொல்லுங்க, குடுத்துடறேன்."

முறைத்துக்கொண்டு போய் டீ குடித்துவிட்டு வருவார். வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வருவார். கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள்.

முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் விளக்குப் பிடிப்பது அவர் பிழைப்பு. போட்டோ எடுப்பது ஸ்டுடியோக்காரர். இவர் லைட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை பெண் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க நிற்பார். மனுஷ மூஞ்சியாகப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பார். ஸ்டுடியோக்காரர் கழித்துப் போட்ட பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, முகூர்த்தம் இல்லாத நாட்களில் விடிவதற்கு முன்பே கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு வண்டியை விடுவார். வெள்ளிமலைக்குப் போகிற வழியில் எந்த வளைவில் எந்த மாதம் பனி எவ்வளவு நேரம் தங்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். மார்கழியில் ஒரு நாள் கோமுகி அணைப் பக்கமிருந்து பனி எழும்பி, கீழே இருக்கிற ஊர் மொத்தமும் பாலில் முங்கிப்போய், மலை முகடுகள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டேன். அடுத்த வாரமே அதில் ஒரு ரைஸ்மில் முதலாளியின் அம்மாவை ஒட்டினேன்.

படத்தில் ஆள் இருக்கக் கூடாது. அது அவர் சட்டம். ஒரு ஆள் மாடு ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்தால் அவன் போய் மறையும்வரை கேமராவைத் தொட மாட்டார்.

"ஆளு வந்துட்டா பாக்கறவன் கண்ணு ஆளுகிட்ட ஓடிடும்மா. மலைய எவனும் பாக்க மாட்டான்."

அவர் வீட்டுக் கூரை ஒழுகும். கம்ப்யூட்டரும் கிடையாது. அதனால் மலையிலிருந்து இறங்கியதும் நேராக என் கடைக்கு வருவார். கேமரா கார்டில் இருப்பதை என் கம்ப்யூட்டரில் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலியாகத் துடைத்துக் கையில் கொடுப்பேன். அவருடைய மலை மொத்தமும் என்னிடம்தான் இருக்கிறது.

அவர் மனைவி செவ்வந்தி அக்காவும் பல நாள் கூடப் போவாள். ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். பிள்ளை இல்லை. வாரம் முழுக்கக் கரும்பு வெட்டு, மல்லாட்டைக் கடலை பிடுங்குவது என்று ஏதாவது ஒரு காட்டில் குனிந்துகொண்டிருப்பாள். வேலை இல்லாத நாளில் கேமரா ஸ்டாண்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்கோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். கடைக்குள் வர மாட்டாள். ஏசி குளிருகிறது என்று வாசலிலேயே நிற்பாள். பலாப்பழக் காலத்தில் நாலு சுளையைத் தேக்கு இலையில் மடித்து எனக்காகக் கொண்டுவருவாள்.

ஒரு தடவை கேட்டேன். "ஏங்க்கா, இந்த மனுஷன் மலை மலையா எடுக்கறாரே, உங்கள ஒரு நாளாவது எடுத்தாரா?"

"நீ வேற தங்கச்சி. மொதல்ல என்னியத்தான் எடுப்பாரு, அப்புறந்தான் மலைய எடுப்பாரு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷனைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

போன ஐப்பசியில் கரும்புக் காட்டில் அவளைப் பாம்பு கடித்தது. காய்ந்த கரும்புச் சோகையை ஒதுக்கக் கை வைத்த இடத்தில் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவளுக்கு வெட்டு வேலை இருந்ததால் அண்ணன் மட்டும் மலைக்குப் போயிருந்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் டவர் கிடையாது. அவர் இறங்கி வந்து போனில் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது அவளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். கூடவே செவ்வந்தி அக்காவின் அண்ணன் ராஜாங்கம். சின்னசேலம் ஸ்டேஷன் பக்கம் மூட்டை தூக்குகிறவர். காரியத்துக்குப் பிறந்த வீட்டுச் சார்பாக ஒரு பேனர் வைக்க வேண்டும். தங்கச்சிக்கு அண்ணன் செய்கிற கடைசிச் சீர் அது, விட்டுவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. ராஜாங்கம் சட்டைப் பையிலிருந்து அவளுடைய ஆதார் அட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. கூலி வேலை செய்கிற வீடுகளில் சாவு விழுந்தால் முக்கால்வாசிப் பேர் ஆதாரைத்தான் கொண்டுவருவார்கள். எங்கள் ஜில்லாவில் நாற்சந்தியில் தொங்குகிற முகங்களில் பாதி, தாலுகா ஆபீஸ் வெள்ளைச் சுவர் முன்னால் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்த முகங்கள். நான் கொஞ்சம் வெளுப்பாக்கி, உதட்டை லேசாக மேலே தூக்கிவிடுவேன். குடும்பத்தார் பார்த்து அழுவார்கள்.

வீரமுத்து அண்ணன் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண் பாதி மூடியிருந்தது. வாய் கோணியிருந்தது. மை தேய்ந்து கன்னம் ஒன்று கறுத்திருந்தது.

"இது யாரு மச்சான்?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

"உன் பொண்டாட்டிதான் மாப்ள. பேரு போட்டுக்குது பாரு."

"இது அவ இல்ல."

கல்யாண ஆல்பம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். புயல் மழை வந்த வருஷம் கூரை ஒழுகி, பக்கங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவாம். பிரித்துப் பார்த்தபோது முகம் மட்டும் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டதாம். விசேஷ வீடுகளில் கேமரா திரும்பினாலே அவள் பந்திக்குப் பின்னால், அடுப்புப் பக்கம் போய்விடுவாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். ராஜாங்கத்தின் போனில் ஒரு படம் இருந்தது, ஐஸ் பெட்டிக்குள் எடுத்தது. அதைக் காட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

"உன்கிட்ட கீதும்மா. எல்லாப் படமும் உன்கிட்டதான கீது? தேடும்மா. எதுலயாவது இருப்பா" என்றார் அண்ணன்.

தேடினோம். ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்தேன். மலை. பனி. மேகம். அருவி. மழைக்கு முந்தின மலை, மழைக்குப் பிந்தின மலை. சாமை விளைந்த சரிவு. ஒற்றை மரம். அதே மரம் வேறு வெளிச்சத்தில். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷிக்கு ஒரு சதுர அங்குலம் ஒதுக்க முடியவில்லையா இந்த ஆளுக்கு?

ஒன்றே ஒன்றில் தூரத்துப் பாறை மேல் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது.

"அதான் அவ" என்று அண்ணன் எழுந்தே விட்டார். "பாற எவ்ளோ பெருசுன்னு தெரியட்டும்னு அளவுக்கு நிக்க வெச்சேன். பெருசு பண்ணு."

பெரிதாக்கினேன். சிவப்பில் கொஞ்சம் கட்டம், கறுப்பில் கொஞ்சம் கட்டம். அதுவும் முதுகு.

"என்னியப் பாக்காத, மலையப் பாத்து நில்லுன்னு சொன்னேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. இத்தனை வருஷமாக நானே ஏற்றிய படங்கள், ஒரு நாளும் கவனிக்காத மூதேவி நான். துடைத்த கார்டு என்பதால் ஒவ்வொரு தடவையும் படத்தின் எண் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். செவ்வந்தி அக்கா கூடப் போன நாட்களின் ஃபோல்டர்கள் எல்லாம் இரண்டில் தொடங்கின. எதிலுமே ஒன்று இல்லை.

"அண்ணா, ஒன்னாம் நம்பர் படம் எங்க?"

அவர் கையிலிருந்த ஆதார் அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இன்னா மாப்ள கேக்குது அந்தப் பொண்ணு? சொல்லேன்" என்றார் ராஜாங்கம்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "விடியறதுக்கு முன்ன கேமராவுக்குக் கண்ணு தெரியாதும்மா. எங்க ஃபோகஸ் வெக்கறதுன்னு தடவிக்கினே இருக்கும். அதனால அவள முன்னாடி ஒரு பாறைகிட்ட நிக்க வெப்பேன். செல்லு லைட்ட மூஞ்சில அடிச்சிக்குவா. வெள்ளத் துண்டு ஒன்னு நெஞ்சுக்கு நேரா புடிச்சிக்குவா, அத வெச்சித்தான் கலரு சரி பண்ணுவேன். ஒரு படம் எடுத்துப் பெருசு பண்ணிப் பாப்பேன். கண்ணு இமை முடி தனித்தனியா தெரிஞ்சா ஃபோகஸ் சரி. அப்புறம் 'தள்ளிக்கோ'ம்பேன். தள்ளிக்குவா. வெளிச்சம் வர வரைக்கும் அப்படியே ஓரமா குந்தியிருப்பா."

"அந்தப் படத்த இன்னா பண்ணீங்க?"

"மலையிலேர்ந்து எறங்கறப்ப அழிச்சிடுவேன். சரி பாக்கறதுக்கு எடுத்ததுதானம்மா அது. அத ஏன் உன்கிட்ட குடுத்துக்கினு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் வயசில் மூத்தவர் என்பதெல்லாம் மறந்துபோனது. இமை முடி தனித்தனியாகத் தெரிகிற மாதிரி, விளக்கு வெளிச்சத்தில், நேராகப் பார்த்து நின்ற முகம். போகிற போதெல்லாம் ஒன்று. ஊரில் எந்தப் பணக்காரனுக்கும் பொண்டாட்டியை இப்படி ஒரு படம் எடுக்கத் தெரியாது. எடுத்து, எடுத்து, அழித்திருக்கிறார். மொதல்ல என்னியத்தான் எடுப்பாரு என்று அவள் சொன்னது கிண்டல் இல்லை. நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"கார்ட குடுங்க" என்றேன்.

அழிந்த படத்தை மீட்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு. கல்யாண வீட்டுக் கார்டுகளுக்குப் பல தடவை போட்டிருக்கிறேன். ஓடவிட்டேன். அது ஓடுகிற நேரத்தில் ஒரு காதுகுத்து பேனரை முடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். ராஜாங்கம் வாங்கி வந்த டீயை அண்ணன் குடிக்கவில்லை.

ஒரே ஒரு படம் அகப்பட்டது. திறந்தேன். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கருநீல வானம். மலை முகட்டின் விளிம்பு. பிறகு எண்ணெய் தேய்த்து வாரிய வகிடு, வகிட்டில் குங்குமம். அகலமான நெற்றி. டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பெரிய மெரூன் பொட்டு. நெற்றியில் வியர்வைகூடத் தெரிந்தது. ராஜாங்கம் "தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். புருவம் இரண்டும் முழுசாக வந்தன.

அதோடு நின்றுவிட்டது. புருவத்துக்குக் கீழே மொத்தமும் சாம்பல் நிறம்.

"கீழ தள்ளும்மா" என்றார் அண்ணன்.

"கீழ ஒன்னும் இல்லண்ணா. இவ்ளோதான் வந்துக்குது."

"இல்லம்மா, கீழ தள்ளு. கீழ கண்ணு இருக்கும்."

தள்ளினேன். சாம்பல் வந்தது. இன்னும் தள்ளினேன். இன்னும் சாம்பல் வந்தது. அழிந்த படம் இருந்த இடத்தில் பிற்பாடு எடுத்த படம் ஏறிவிட்டால் அப்படித்தான் ஆகும். ஏறியது என்ன படம் என்றும் எனக்குத் தெரியும். அவள் செத்த அன்று காலையில் எடுத்த மலைகள். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

வேறு இரண்டு சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை. அவர்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அந்த நெற்றியையும் ஆதாரில் இருந்த கண், மூக்கு, வாயையும் ஒட்ட வைத்துப் பார்த்தேன். என் தொழிலே அதுதானே. யாரோ மூன்றாவது பொம்பளை ஒருத்தி என்னைப் பார்த்தாள். அவர்கள் உள்ளே வருவதற்குள் அழித்துவிட்டேன்.

திரும்பி வந்த அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். "மூஞ்சே வேணாம்மா. அந்தப் பனிப் படத்தப் போடு. கீழ அவ பேரப் போடு. அன்னிக்கு அவ அங்கதான் குந்தியிருந்தா, ஓரமா. போதும்."

ராஜாங்கம் அதுவரை பொறுமையாக இருந்த மனுஷன். நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்.

"மலையா செத்துச்சு மாப்ள? செத்தது என் தங்கச்சி."

நான் ராஜாங்கம் பக்கம்தான். ஆதார் முகத்தை எடுத்தேன். வெளுப்பாக்கினேன், கன்னத்துக் கறையைத் துடைத்தேன், கண்ணை முடிந்த மட்டும் திறந்துவிட்டேன். பின்னால் அந்த மார்கழிப் பனி. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என் மலை மேல ஏம்மா ஒட்டற என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

காரியத்துக்குப் போயிருந்தேன். காலனி முனையில் பேனர் கட்டியிருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. மொட்டை போட்ட தலையோடு அண்ணன் பேனருக்குப் பக்கத்தில், லைட் பிடிக்கிற பழக்கமோ என்னவோ, கொஞ்சம் தள்ளி ஒதுங்கி நின்றிருந்தார். பைக்கில் வந்த ஒருத்தன் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாபா, மலை இவ்ளோ சூப்பரா கீது. ஊட்டியா?"

"இல்லிங்க. நம்ம மலைதான்."

"நம்ம மலையா! யாரு எடுத்தது?"

அண்ணன் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அவன் போனை எடுத்து, நாலு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, செவ்வந்தி அக்காவின் முகம் வராதபடி மலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஆள் இருந்தும் பார்க்கிறவன் கண் மலைக்குப் போனது நானறிந்து அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவர் கடைப் பக்கம் வரவே இல்லை. மார்கழி போய், தை முகூர்த்தங்கள் எல்லாம் தொடங்கி, நான் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்த ஒரு மதியம் வந்து நின்றார். மொட்டையில் முடி நரையாக முளைத்திருந்தது. கார்டை நீட்டினார்.

"போயிட்டு வந்தீங்களாண்ணா?" என்று கேட்டேன். சந்தோஷமாகத்தான் கேட்டேன். அந்த மனுஷன் மறுபடி மலை ஏறிவிட்டார் என்றால் பிழைத்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை.

"ம்" என்றார்.

கார்டில் ஒரே ஒரு படம் இருந்தது. ஒன்றாம் எண்.

திறந்தேன். இருட்டில் ஒரு பாறை. பாறை மேல் வெள்ளைத் துண்டு. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல். செல்போன் வெளிச்சம் அதன் மேல் விழுந்திருந்தது. துண்டின் நூல் இழை தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு சரியான ஃபோகஸ்.

இரண்டாவது படம் இல்லை.

"மீதி எங்கண்ணா? வெளிச்சம் வரலியா?"

"வந்துச்சும்மா. நல்லாத்தான் வந்துச்சு. இன்னிக்கு வந்த மாதிரி எப்பவும் வந்ததில்ல." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஃபோகஸ் சரியா கீதுன்னு பாத்துட்டு, பழக்க தோசத்துல 'தள்ளிக்கோ'ன்னுட்டேன். அது அப்படியே கீதும்மா. தள்ளவே இல்ல. நானும் பாத்துக்கினே நின்னேன். வெயிலு ஏறிடுச்சு. எறங்கி வந்துட்டேன்."

தேதி போட்டு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அந்த ஒரு படத்தை ஏற்றினேன். ஏற்றியதும் கார்டைத் துடைத்துக் கொடுப்பது வழக்கம். கை அது பாட்டுக்கு டெலீட் பட்டனில் போய் நின்றது.

"இது வேணுமாண்ணா? அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடும்மா" என்றார். "அதுல யாரும் இல்ல."

துடைத்துக் கையில் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மண்டபத்தில் லைட் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.